தாராவிக்காரனுக்கு வேர்க்காது

மனிதர்கள் சூட்டில் செத்துப்போகாமல் காப்பாற்றுவதுதான் எங்கள் அலுவலகத்தின் தொழில். அந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சளி பிடித்தது.

செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடி. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள் வெப்பத்தில் சுருண்டு விழாமலிருக்க என்ன செய்யவேண்டும் என்று சுரங்கக் கம்பெனிகளுக்கு நாங்கள் ஆலோசனை சொல்வோம். சொல்கிறவர்களில் பாதிப்பேர் சுரங்கத்தைப் படத்தில் பார்த்தவர்கள். மீதிப்பேர் படத்தையும் சரியாகப் பார்க்காதவர்கள். ஏசி பதினெட்டிலேயே நிற்கும். சார் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு "வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள்" என்று கான்ஃபரன்ஸ் ரூமில் பாடம் நடத்துவார். ரிசப்ஷன் அம்மாள் போன் அடித்தால் சால்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் ஆமை மாதிரி வெளியே விடுவார். கொஞ்சம் குறைக்கலாமா சார் என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் சூடாயிடும்ப்பா" என்றார்.

மனிதர்கள் சூடானால் பரவாயில்லை, அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோமே.

சார் மாட்டுங்காக்காரர். பாலக்காட்டுத் தமிழ், பிளாஸ்கில் காப்பி, டிராயரில் நேந்திரங்காய் வறுவல். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. வறுவலைத் தனியாகத் தின்றதில்லை. இளவயதில் ஒரே ஒரு தடவை சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறார். "லிப்ட் கூண்டு எறங்கறச்சே கண்ண மூடிண்டவன், மேல வந்துதான் தொறந்தேன்" என்று அவரே சொல்வார். அந்த அனுபவத்தின் மேல்தான் எங்கள் நிறுவனம் நிற்கிறது.

நான் தாராவி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டி வெளியே வந்த முதல் ஆள். தொழிற்பாதுகாப்பில் டிப்ளமா. அக்கா வீட்டில் இருக்கிறேன்: கீழே ஓர் அறை, ஏணி ஏறினால் மேலே ஓர் அறை, அதற்கும் மேலே தகரம். மேல் அறை எனக்கு. பிறந்ததிலிருந்தே தகரத்தின் கீழே தூங்கியவன்தான். ஆனால் ஏசியில் வேலை பார்க்கத் தொடங்கியபிறகு, மே மாதம் வந்தாலே உடம்பெல்லாம் வேர்க்குரு. சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா ஆரம்பித்துவிடுவாள்.

"கலெக்டரு வந்துட்டாருல்லா. ஏங்க, அந்த பேன இவன் பக்கமா திருப்புங்க. இல்லன்னா உருகி ஓடிருவான், பொறவு நான்தான் துடைக்கணும்."

உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், குளிரிலேயே கிடந்தால் பழகியது அதே மாதிரி சீக்கிரம் போய்விடும், இது விஞ்ஞானம் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அப்பம் படிச்சது ஞாபகம் இருக்கு, ஒடம்புதான் மறந்துட்டு" என்றாள். என் டிப்ளமாவை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் மதிப்பிட்டதில்லை.

அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு பட்டறையில் வேலை. மஞ்சள் நிறத்தில் தடித்த பிளாஸ்டிக் துணியை, ஆள் குனிந்து நுழையலாம் என்கிற அகலத்துக்குக் குழாயாகத் தைப்பார்கள். சுரங்கத்தின் கடைக்கோடிக்குக் காற்று தானாகப் போகாது. அங்கே பாறையே சூடு, காற்றில் ஈரம், வியர்வை வழியுமே தவிர காயாது. பெரிய விசிறி வைத்து இந்தக் குழாய் வழியாகத்தான் அங்கே காற்றை ஊதி அனுப்புவார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் மலைப்பாம்பு. "பாம்புக்கு வாய் தச்சாச்சா?" "பாம்ப மடிச்சு ஏத்துல." வாய் தைப்பதில் அத்தானுக்குப் பேர் உண்டு. ஊர் உலகத்துச் சுரங்கத்துக்கெல்லாம் காற்று தைக்கிற அந்தப் பட்டறையில் ஜன்னல் கிடையாது. பேன் போட்டால் துணி பறக்கும் என்று பேனும் கிடையாது.

பட்டறையில் இன்னொன்றும் கிடையாது: கக்கூஸ். சந்துக் கடைசியில் பொதுக் கழிப்பிடம், எப்போது போனாலும் ஆள் நிற்கும். போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் முதலாளி அந்த மிஷினில் வேறு ஆளை உட்கார வைத்திருப்பார். அதனால் அங்கே பகலில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே வந்துவிட்ட வழக்கம். நாளாக ஆக அதுவே ஒரு வீரம் ஆகிவிட்டது. தண்ணீர் குடிக்கிறவனுக்கு ஓட்டைப்பானை என்று பட்டப்பெயர். அத்தான் அந்த விஷயத்தில் பட்டறைக்கே தலைவர். "காலம்பற கேட்டு சாத்துனா, ராத்திரிதான் தொறக்கது" என்று டீக்கடையில் நின்று பெருமையாகச் சொல்வார். நெஞ்சில் தட்டிச் சொல்வார், வயிற்றில் தட்டினால் கேட் திறந்துவிடும் என்று பயம் போல.

அந்த மே மாதம் பட்டறைக்குப் புது மாதிரி ஒரு வேலை வந்தது. விதர்பா பக்கம் ஒரு சுரங்கம். பாம்பைத் தைத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, ஆட்களே கீழே இறங்கிக் கட்டித் தொங்கவிட்டும் கொடுக்கவேண்டும். நாலு பேர் போகவேண்டும். நாலு பேருக்கும் அத்தான் தலைவர். வீட்டில் அன்றைக்குக் கோழி.

அக்கா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் அத்தான் பட்டறையில் தலை சுற்றி விழுந்திருந்தார். "வெறும் வயிறு, அதான்" என்று அதை அமுக்கிவிட்டார். தட்டு கழுவும்போது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏல, நீ இந்தச் சொரங்கத்துச் சூட்டுக்குத்தான படிச்சிருக்க?"

"ஆமாக்கா."

"அப்பம் உங்க அத்தான் முழுசா திரும்பி வரணும். அத மட்டும் பாத்துக்க. வேற ஒண்ணும் நான் ஒன்ட்ட கேக்கல."

அவ்வளவுதான். அதன்பிறகு ஆபீசில் எந்த ஸ்லைடைத் திறந்தாலும் அதில் அத்தான் முகம் தெரிந்தது.

பார்த்தால், அந்தச் சுரங்கத்தில் வேலை எடுத்திருந்த கான்ட்ராக்டர் எங்கள் வாடிக்கையாளர். சுரங்கத்துக்குப் புதிதாக வருகிற ஆளை முதல் நாளே முழு ஷிப்ட் கீழே விடக்கூடாது என்பது நாங்களே எழுதிக் கொடுத்த விதி. முதல் நாள் கொஞ்ச நேரம், மறுநாள் இன்னும் கொஞ்சம், இப்படி ஒன்றிரண்டு வாரத்தில் கூட்டிக்கொண்டே போகவேண்டும். அரை நாள் வேலைக்கு முழு நாள் கூலியா என்று கான்ட்ராக்டருக்கு வயிறு எரிந்தது. "இவர்கள் ஏற்கெனவே சூட்டுக்குப் பழகியவர்கள்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் முதல் நாளே முழுசாக இறக்கிவிடலாமே என்று போனில் கேட்டார். சார் யோசித்தார்.

"ஆட்களெல்லாம் எந்த ஊர்ப்பா?"

"தாராவியும் லேபர் கேம்பும் சார்" என்றேன். "அதில ஒருத்தர் எங்க அத்தான்."

சார் மப்ளரைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவ்வளவு சந்தோஷம் வந்தால்தான் அதைக் கழற்றுவார். "பின்ன என்ன? பொறந்ததிலேர்ந்து பழகினவாதானே? தாராவிக்காரனுக்கு வேர்க்கவே வேர்க்காதுப்பா!"

"சார், சூடு பழகறது பின்கோடை வச்சு இல்ல சார். என்ன வேலை, எவ்வளவு ஈரக்காத்து, என்ன துணி போட்டிருக்காங்க..."

"நீ எங்க இருக்கே?"

"தாராவிதான் சார்."

"ஒனக்கு என்னிக்காவது சூட்டுல மயக்கம் வந்திருக்கோ?"

"இல்ல சார். சளிதான் வந்திருக்கு."

"பாத்தியா! நீயே சாட்சி."

ஸ்பீக்கரில் கான்ட்ராக்டர் சிரித்தார். "தாராவி கா ஆத்மி ஹை ஸாப், உஸ்கோ க்யா கர்மி!" தாராவிக்காரனுக்கு என்ன சூடு என்கிறார். இரண்டு படித்த மனிதர்கள், இரண்டு மொழிகளில், ஒரே விஞ்ஞானத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

நான் விடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கடைசியில் சார் எனக்காக இறங்கி வந்தார். "சரி, நாலு பேரையும் வரச்சொல்லு. ஒரு டெஸ்ட் வச்சுடுவோம். எல்லாம் சயன்டிபிக்கா இருக்கட்டும்."

டெஸ்ட் வைக்கச் சூடான இடம் வேண்டும். அது எங்கள் கட்டடத்திலேயே இருந்தது. படிக்கட்டு. மூன்று மாடி ஏசிகளின் வெளிப்பெட்டிகளையும் படிக்கட்டுப் பக்கம் பார்த்துத்தான் மாட்டியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகள் துருப்பிடித்து மூடியபடியே நின்றுவிட்டன. ஏசித் தண்ணீர் வேறு சொட்டிச் சொட்டிப் படியெல்லாம் ஈரம். அந்தக் கதவைத் திறந்தால் முகத்தில் இட்லிப்பானை மூடியைத் திறந்தது போல அடிக்கும். அதனால் நாங்கள் எல்லாரும் லிப்டில்தான் போவோம். எங்களைக் குளிர்வித்துக்கொள்ளக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சுரங்கத்தையே உண்டாக்கி வைத்திருந்தோம், அதுவரை அதற்கு ஓர் உபயோகம்தான் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அத்தானைத் தனியாகப் பிடித்தேன்.

"அத்தான், நாளைக்கு நல்லா தண்ணி குடிச்சிட்டு வாங்க. ஏறி எறங்க முடியலன்னா, முடியலன்னு சொல்லிருங்க. சொன்னாத்தான் நல்லது."

"முடியலன்னு சொல்லவா? எவன்ட்ட, ஒங்க சார்ட்டயா?" சவரம் செய்துகொண்டிருந்தவர் பிளேடை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "மாப்ள, இந்த வீட்டுல நீ ஒருத்தன் மட்டும்தான் பாஸாவணும்னு இருக்கா?"

அத்தான் பாதி வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவர். அவரை யாரும் எதற்கும் டெஸ்டுக்குக் கூப்பிட்டதில்லை. மறுநாள் காலையில் கல்யாணச் சட்டை, நெற்றியில் திருநீறு, பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய்.

"பேனா வேணுமால?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருந்தாலும் ஒன்றைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

சயானிலிருந்து பஸ்ஸில் நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். ரிசப்ஷனில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து பல் கிட்டிக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்து நீட்டினேன். "இருக்கட்டும் மாப்ள" என்றார் அத்தான். நான் காலையில் கையில் கொடுத்துவிட்ட பாட்டிலும் மூடி திறக்காமல் மடியில் கிடந்தது. அவர் கண் சாரின் மேசைமேல் இருந்தது. அங்கே எங்கள் மாடிக் கழிப்பறையின் சாவி. யாரும் தொலைத்துவிடக் கூடாதென்று அதைக் கிரிக்கெட் மட்டையை வெட்டி வைத்தது போன்ற ஒரு கட்டையில் கட்டியிருப்பார்கள். போகவேண்டுமென்றால் அத்தனை பேருக்கும் முன்னால் அந்தக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் தண்ணீர் குடிக்காமல்தான் இருந்தேன்.

சார் வெளியே வந்தார். "என்னப்பா, தண்ணி வேண்டாமா?"

அத்தான் எழுந்து, தேசிய கீதம் பாடுகிறவர் மாதிரி நின்றார். "வேண்டாம் சார். நாங்க பகல்ல தண்ணி குடிக்கதே இல்ல சார்."

சார் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஆராய்ச்சியாளருக்கு வாழ்நாளில் ஒருமுறை வருகிற ஒளி. "கேட்டியா? ஒட்டகம் மாதிரி! இதுதான் நேச்சுரல் அடாப்டேஷன். இத ரிப்போர்ட்ல போடணும்."

"சார், அது அடாப்டேஷன் இல்ல சார். பட்டறைல கக்கூஸ் இல்ல சார்."

ரிசப்ஷன் அம்மாள் இருமினார். சார் முகத்தைச் சுளித்தார். "ஏம்ப்பா, கார்த்தாலே இந்தப் பேச்செல்லாம்?"

எங்கள் ஆபீசில் சிறுநீரகம் செயலிழப்பதைப் பற்றிக் காப்பி குடித்துக்கொண்டே பேசலாம். மூளை வீங்குவதை வண்ணப் படமாகச் சுவரில் மாட்டலாம். கக்கூஸ் என்று மட்டும் சொல்லக்கூடாது, மரியாதை இல்லை.

டெஸ்ட் ஆரம்பமாயிற்று. ஹெல்மெட், ரப்பர் பூட்ஸ், பெல்ட், விளக்கு பேட்டரிக்குப் பதிலாக முதுகில் மணல் மூட்டை. கல்யாணச் சட்டைக்கு மேலேயே எல்லாம். கீழேயிருந்து மூன்றாவது மாடிவரை ஏறவேண்டும், இறங்கவேண்டும், மறுபடி ஏறவேண்டும். சார் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம், ஏசியில், கையில் ஸ்டாப் வாட்சுடன் நின்றார். கான்ட்ராக்டர் வீடியோ காலில், தன் காரின் ஏசியில். நான் படிக்கட்டில்.

முதலில் நாலு பேரும் ஏதோ ஜாத்திரைக்குப் போகிறவர்கள் மாதிரிதான் ஏறினார்கள். ஒருவரையொருவர் ஓட்டைப்பானை என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரே சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது, பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. அதிலே ஒருவர் பாதி வழியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நம்மளால ஆவாதுப்பா, ஆள விடுங்க."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சார் குரல் வந்தது: "ஃபெயில்."

அந்த ஒரு வார்த்தை அத்தானை என்னவோ செய்துவிட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். மற்ற இருவர் பின்தங்கிவிட்டார்கள். போதும் அத்தான், நில்லுங்க என்று நான் பக்கத்திலேயே ஏறினேன்.

"ஏல, நீ போ. பாஸாயிட்டுதான் நிப்பேன்."

முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கால் படியைத் தேடித் தேடி வைத்தது. எப்படியோ மூன்றாவது மாடிக்கு வந்து, கண்ணாடிக் கதவில் நெற்றியைச் சாய்த்தார். அப்புறம் கதவைத் தட்டி, உள்ளே நின்ற சாரைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணாச்சி, ரெண்டு வடை, ஒரு கட்டிங் சாயா. சட்னிய தனியா கட்டுங்க."

சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரிசப்ஷன் அம்மாள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். க்யா போலா, என்ன சொன்னான் என்று போனில் கான்ட்ராக்டர் துடித்தார். சார் இந்தியில் மாற்றிச் சொன்னதும் அவரும் சிரித்தார். கான்ஃபரன்ஸ் ரூம் திரையில் காலையில் போட்ட ஸ்லைட் அணைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். அதில் கடைசி வரி: சம்பந்தமில்லாத பேச்சு, உடனடி ஆபத்து. அந்த வரியை சார் எத்தனையோ சுரங்கங்களுக்குக் குரலை உயர்த்தி வாசித்துக் காட்டியிருக்கிறார். இப்போது அது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நான் கதவைத் தள்ளித் திறந்து, அத்தானை அக்குளில் கைகொடுத்துக் கான்ஃபரன்ஸ் ரூமுக்குள் இழுத்துப்போனேன். ஆபீசிலேயே குளிர்ந்த இடம் அதுதான். ஹெல்மெட், மூட்டை, பூட்ஸ், கல்யாணச் சட்டை எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தேன். உடம்பு தோசைக்கல். மூலையிலிருந்த பெரிய தண்ணீர் கேனைத் தூக்கி அவர்மேல் அப்படியே கவிழ்த்தேன்.

"கார்ப்பெட்! கார்ப்பெட்!" என்று கத்தினார் சார்.

"சார், ஏசிய இவர் மேல திருப்புங்க! மப்ளரக் குடுங்க!"

கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் சார் திருப்பினார். மப்ளரையும் கழற்றிக் கொடுத்தார். அதை நனைத்து அத்தான் கழுத்தில் சுற்றினேன். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாள்முதலாக அந்த ஏசி ஒரு மனிதனைச் சூட்டிலிருந்து காப்பாற்றியது அன்றைக்குத்தான். மப்ளருக்கும் அதுவே முதல் தடவை.

ஆட்டோ பிடித்து முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாரும் வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பேன்ட் முழங்கால்வரை நனைந்திருக்க, அத்தானின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் முணுமுணுவென்று ஏதோ சுலோகம். அங்கே இருந்த டாக்டர் பெண் எங்களை விலக்கிவிட்டு ஐஸ் வைத்தார், டிரிப் ஏற்றினார். கொஞ்சம் தாமதமாயிருந்தால் ஆளே மிஞ்சியிருக்கமாட்டார் என்று இந்தியில் திட்டினார். இவர் என்ன சாப்பிட்டார், எப்போது தண்ணீர் குடித்தார் என்று கேட்டார். நான் பின்னால் வந்து சேர்ந்த மற்ற மூவரையும் பார்த்தேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான்" என்றார் ஒருவர்.

"ஏன்?"

"டெஸ்ட்டுன்னா வெறும் வயித்துலதான தம்பி வரணும்? பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாதுல்லா? ரத்த டெஸ்ட்டுக்குப் போனப்ப அப்பிடித்தான் சொன்னாவ."

நாலு பேரும் அப்படித்தான் வந்திருந்தார்கள். படிப்பைப் பார்த்துப் பயந்து, அதற்குக் காட்டவேண்டிய மரியாதையை முழுசாகக் காட்டியிருந்தார்கள். சார் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான்கூட சுகர் டெஸ்ட்டுக்கு அப்படித்தான் போவேன்."

அக்கா வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று, டிரிப் பாட்டிலைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள்.

"பாஸா பெயிலா?" என்றாள்.

அத்தானுக்குப் பேச்சு தெளிந்திருந்தது. "மாப்ளட்ட கேளு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சட்டைப்பையில் குத்தியிருந்த பேனா எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

அக்கா சார் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் சாரா? என் தம்பி சூட்டப் பத்தி ஒங்ககிட்டதான் படிக்கானா?"

"ஆமாம்மா."

"நல்லா படிக்கானா?"

சார் கழுத்தில் இல்லாத மப்ளரைத் தடவினார்.

இதற்குப் பிறகு அவர் மனம் மாறியிருப்பார் என்று நினைத்தால் நீங்கள் ஆபீசில் வேலை பார்த்ததில்லை. மறுநாள் அவர் தயாரித்து வைத்திருந்த ரிப்போர்ட்டில், சூட்டுக்குப் பழகியவர்கள் என்ற வரி அப்படியே இருந்தது. "காலை உணவு தவிர்க்கப்பட்டதால் ஒருவருக்கு லேசான அசௌகரியம்" என்று ஒரு வரி மட்டும் கூடியிருந்தது. பாதுகாப்பு அலுவலர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும். முடியாது என்றேன்.

"சின்னப் பையன் நீ. கான்ட்ராக்ட் போயிடும்ப்பா."

"சார், அத்தான் கீழ போய் பாறையைப் பாத்து ரெண்டு வடை கேட்டா, அங்க சிரிக்கிறதுக்குக்கூட ஆள் இருக்காது சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார், ஆனால் எழுதியதை அடிக்கவில்லை. அடித்தது கான்ட்ராக்டர். அன்று மத்தியானமே போன் வந்தது. வீடியோவில் ஆள் சரிந்ததையும் இழுத்துப்போனதையும் கண்ணால் பார்த்துவிட்டார். நாளைக்குச் சுரங்கத்திலும் விழுந்தால் போலீஸ் யாரைத் தேடி வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நமக்கு எதுக்கு ஸாப் வம்பு, விதிப்படியே செய்துவிடுவோம் என்றார். எங்கள் ஆபீசுக்குள் தர்மம் வருவதென்றால் பயத்தின் தோளில் ஏறித்தான் வரும். லிப்டும் அதற்குத்தான் திறக்கும்.

அப்படியாக விதிப்படி புதிய திட்டம் போட்டோம். போட்டது நான், பெயர் சாருடையது. முதல் நாள் கொஞ்ச நேரம், பிறகு படிப்படியாக. பக்கத்திலேயே தண்ணீர், உப்புப் போட்ட மோர், காற்று வரும் இடத்தில் உட்கார பெஞ்சு. இதெல்லாம் ஏற்கெனவே புத்தகத்தில் இருப்பது. நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: கீழேயே, வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில், மறைப்பு வைத்து ஒரு கக்கூஸ். யாரிடமும் கேட்காமல் போய்விட்டு வரலாம், வந்து பார்த்தால் வேலை அவனுக்காகவே காத்திருக்கும். அது இல்லாவிட்டால் நீங்கள் கீழே ஒரு ஏரியையே கொண்டுபோய் வைத்தாலும் எவனும் ஒரு மடக்குக் குடிக்கமாட்டான் என்று எழுதினேன். சார் ஏரியை எடுத்துவிட்டார். கக்கூஸ் இருந்த இடத்தில் "ஹைட்ரேஷன் சப்போர்ட் பாயிண்ட்" என்று போட்டார். போடட்டும். பெயர் எதுவானாலும் உள்ளே போகிறவன் செய்யப்போவது ஒன்றுதான்.

அந்தத் திட்டம் இப்போது ஒரு ஸ்லைடாகச் சுரங்கம் சுரங்கமாகப் போகிறது. எங்கள் படிக்கட்டின் போட்டோவும் போகிறது, "எங்கள் வெப்பப் பரிசோதனைக் கூடம்" என்ற தலைப்போடு. ஆபீஸ் சாவி இன்னமும் அதே கட்டையில்தான் தொங்குகிறது. கார்ப்பெட்டில் மழைக்காலம் முழுக்க ஒரு நாற்றம் இருந்தது. சாருக்குப் புது மப்ளர். பழையது எங்கள் வீட்டுக் கொடியில் கிடக்கிறது, திருப்பிக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார்.

டாக்டர் சரி என்று சொன்னபிறகுதான் அத்தான் சுரங்கத்துக்குப் போனார். போனதிலிருந்து என்மேல் கோபம். முதல் நாள் சாயங்காலமே வீடியோ காலில் வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, ஒரு பாம்பக்கூட முழுசா கட்டல, அதுக்குள்ள மேல ஏத்திட்டானுவ. புதுமாப்பிள்ள மாதிரி பெஞ்சுல உக்காரவச்சி மோரு தாரானுவ. இங்க உள்ளவனுவ எல்லாம் சிரிக்கானுவல. நீ சொல்லித்தானாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள். மூத்திரம் வெளுத்துப் போனால் உடம்பில் தண்ணீர் போதும், மஞ்சளாக இருண்டு போனால் ஆபத்து என்று நான் ஒருநாள் அவளுக்குச் சொல்லியிருந்தேன். நான் படித்த அத்தனை விஞ்ஞானத்திலிருந்தும் அவள் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"போனீங்களா?"

"ஏட்டி, ஆளுவ இருக்காவ."

"இருக்கட்டும். என்ன கலரு?"

போன் வைக்கப்பட்டது. மறுநாளும் அதே கேள்வி, அதே மாதிரி வைக்கப்பட்டது. அதற்கும் மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், ஆபீசர் இருந்தால் மறைக்கமாட்டார் என்று. அத்தான் அப்போதுதான் மேலே வந்திருந்தார். முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. பின்னால் மற்ற மூன்று பேரும், யார் யாரோ சுரங்க ஆட்களும் டம்ளரும் கையுமாக நின்றார்கள்.

"என்ன கலரு?" என்றாள் அக்கா.

"வெள்ளையா போவுதுட்டி! பச்சத் தண்ணி மாதிரி போவுது! போதுமா? இனி பேப்பர்ல போடு!"

பின்னால் நின்றவர்களுக்கு மொழி புரிந்ததோ என்னவோ, எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். எங்கள் சந்திலும் இரண்டு வீடு சிரித்தது. அக்கா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அவள் சிரிக்கவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஏல, வெள்ளன்னா பாஸுதான?"

"பாஸ்தான்க்கா."

"அத நீயே அவர்ட்ட சொல்லு" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.